வயிற்றின் மீது வீண்பழி

வாய் நாறினால் வயிறு கெட்டிருக்கிறது என்று பொருள். வயிற்றைக் கழுவினால் வாய் மணக்கும். படித்தவர், படிக்காதவர், நகரத்தார், மலையில் இருப்பவர் என்ற வேறுபாடில்லாமல் தமிழ்நாட்டில் எல்லோரும் ஒப்புக்கொள்கிற கருத்து இது. பாட்டி சொல்கிறாள், பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார், மருந்துக்கடைக்காரர் சொல்வதோடு நிற்காமல் வாயு மாத்திரையும் எடுத்துத் தருகிறார். இந்தக் கருத்து தவறு. போனால் போகட்டும் என்று விட்டுவிடக்கூடிய தவறும் இல்லை. காப்பாற்றியிருக்கக்கூடிய பற்களைப் பறிகொடுக்க வைக்கும் தவறு. சிலருக்கு வாய்ப்புற்றைக் கண்டுபிடித்திருக்க வேண்டிய மாதங்களை வீணாக்கும் தவறு.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் இந்தக் கருத்துக்குச் செல்வாக்கு இன்னும் அதிகம். அடிவாரத்துக் காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி வருகிறவர், சித்தர்கள் உலவிய மலைக்கு வந்திருக்கிறோம் என்ற நினைப்போடுதான் வந்து இறங்குகிறார். அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் ஆகாய கங்கைக்கும் போகிற வழியில் மிளகு, காப்பிக்கொட்டை, அன்னாசி, முடவாட்டுக்கால் கிழங்கு இவற்றுக்குப் பக்கத்திலேயே பெயர்ச்சீட்டு இல்லாத பிளாஸ்டிக் பொட்டலங்களில் பொடிகளும் இருக்கும். என்ன பொடி என்று கேட்டால் குடலைக் கழுவும் என்பார்கள். வாயு, மூலம், நெஞ்செரிச்சல், வாய் நாற்றம் எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும் என்பார்கள். விற்கிறவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. அவரும் நம்பித்தான் சொல்கிறார்; வாங்குகிறவரும் நம்பித்தான் வாங்குகிறார். அதனால்தான் ஆளோடு மோதாமல் கருத்தோடு மோத வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தக் கருத்தை அதன் முழு பலத்தோடு எடுத்து வைக்கிறேன். அது வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது; கண்ணால் கண்ட சான்றுகள் அதற்கு உண்டு. பூண்டு தின்றால் வாய் நாறுகிறது, எத்தனை முறை கொப்பளித்தாலும் போவதில்லை. அப்படியானால் நாற்றம் உள்ளிருந்துதானே வருகிறது? விரதம் இருந்தால் வாய் நாறுகிறது. வெறும் வயிறுதானே காரணம்? காய்ச்சல் வந்தால், செரிமானம் கெட்டால் நாக்கில் வெள்ளையாக மாவு படிகிறது. நாக்கு வயிற்றின் கண்ணாடி என்பது உண்மைதானே? பேதிக்குச் சாப்பிட்ட மறுநாள் வாய் சுத்தமாக இருக்கிறது என்று எத்தனை பேர் சொல்கிறார்கள்! எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு வேளை பல் துலக்குகிற மனிதருக்கும் வாய் நாறுகிறது. வாய் சுத்தமாக இருந்தும் நாறினால் காரணம் வாய்க்கு வெளியே இருக்க வேண்டும். இந்தக் கடைசி வாதம்தான் வலுவானது.

இனி என் மறுப்புகள்.

1. வயிறு திறந்து கிடக்கும் பானை என்று யார் சொன்னது?

தொண்டையிலிருந்து வயிற்றுக்குப் போகும் உணவுக்குழாய், நாம் விழுங்காத நேரத்தில் சுருங்கி ஒட்டிக்கிடக்கிறது. மேல் முனையில் ஒரு தசை வளையம், கீழ் முனையில் ஒரு தசை வளையம். இரண்டும் மூடியே இருக்கும். விழுங்கும்போது திறக்கும், ஏப்பம் விடும்போது திறக்கும், வாந்தி எடுக்கும்போது திறக்கும். மற்ற நேரமெல்லாம் வயிற்றுக் காற்று வாய்க்கு வர வழியே இல்லை. ஏப்பம் நாறலாம், ஒத்துக்கொள்கிறேன். ஏப்பத்தின் நாற்றம் ஏப்பத்தோடு போய்விடும். காலையிலிருந்து இரவு வரை, பேசும்போதெல்லாம் எதிரில் இருப்பவர் முகத்தைத் திருப்ப வைக்கும் நாற்றத்துக்கு ஏப்பம் விளக்கமாகாது.

எண்ணிக்கை கேட்பவர்களுக்கு எண்ணிக்கையும் உண்டு. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் வாய் நாற்றத்துக்கென்றே நடந்த சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 2,000 பேரை ஆராய்ந்து 2009இல் முடிவு வெளியிட்டார்கள். நூற்றுக்கு 76 பேருக்குக் காரணம் வாயிலேயே இருந்தது. 43 பேருக்கு நாக்கில் படிந்த படிவு, 11 பேருக்கு ஈறு நோய், 18 பேருக்கு இரண்டும். காது மூக்கு தொண்டை உட்பட வாய்க்கு வெளியே காரணம் இருந்தவர்கள் நூற்றுக்கு 4 பேர். இன்னொரு 16 பேருக்கு நாற்றமே இல்லை. நாறுகிறது என்று நம்பி வேதனைப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

நெஞ்செரிச்சலோடு உணவு மேலேறி வரும் நோயில் சிலருக்கு நாற்றம் வரலாம். வயிற்றுப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிக்கும் வாய் நாற்றத்துக்கும் தொடர்பு உண்டு என்று சில ஆய்வுகளும், இல்லை என்று சில ஆய்வுகளும் சொல்கின்றன. அந்த வாசலை நான் மூடவில்லை. நூற்றில் சிலருக்குப் பொருந்தும் காரணத்தை நூறு பேருக்கும் மருந்தாக விற்பதைத்தான் எதிர்க்கிறேன். தொட்டியில் கழுவாத பாத்திரம் நாற, கிணற்றைத் தூர்வாரும் வேலை அது.

2. நாக்கு வயிற்றின் கண்ணாடி என்றால், அந்தக் கண்ணாடியைத் துடைத்தால் நாற்றம் ஏன் குறைகிறது?

நாக்கை ஒரு முறை கூர்ந்து பாருங்கள். முன்பகுதி இளஞ்சிவப்பாக இருக்கும். பின்னால் போகப் போக வெளுத்து, சிலருக்கு மஞ்சளாகி, ஈரக் கம்பளி போல ஒரு படலம் தெரியும். உதிர்ந்த செல்கள், உணவுத் துணுக்குகள், மூக்கின் பின்புறத்திலிருந்து இறங்கும் சளி, இவற்றைத் தின்று வாழும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள், எல்லாம் சேர்ந்ததுதான் அந்தப் படலம். காற்றுப் படாத இடுக்குகளில் வாழும் இந்தப் பாக்டீரியாக்கள் புரதத்தைச் சிதைக்கும்போது கந்தக வாயுக்கள் வெளியாகின்றன. ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை போல நாறும். மெத்தில் மெர்காப்டன் அழுகிய முட்டைக்கோஸ் போல நாறும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜோசப் டான்செடிச் 1960களிலும் 1970களிலும் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாக்கி அரை நூற்றாண்டு ஆகிறது.

காய்ச்சலில் நாக்கு வெளுப்பது ஏன்? காய்ச்சல்காரர் மெல்லுவதில்லை, பேசுவதில்லை, வாய் வழியாக மூச்சு விடுகிறார், எச்சில் வற்றுகிறது. நாள்தோறும் அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை ஊறி வாயைக் கழுவிக்கொண்டிருக்கும் எச்சில் குறைந்ததும் படிவு ஏறுகிறது. தூங்கும்போது எச்சில் சுரப்பு அடங்கிவிடுவதால்தான் காலையில் எல்லோருக்கும் வாய் நாறுகிறது. இதில் வயிற்றுக்கு வேலை இல்லை.

சோதித்துப் பார்க்கக் காசு வேண்டாம். ஒரு கரண்டியின் விளிம்பால் நாக்கின் பின்பகுதியை மெல்ல வழித்து, அதில் ஒட்டியதைச் சிறிது நேரம் கழித்து முகர்ந்து பாருங்கள். எந்த நாற்றத்துக்காகக் குடலைக் கழுவினீர்களோ, பெரும்பாலும் அந்த நாற்றம் அந்தக் கரண்டியில் இருக்கும்.

3. "இரண்டு வேளை துலக்குகிறேன்" என்பதால் வாய் சுத்தமாகிவிடாது.

வலுவான வாதம் என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். பிரஷ் பல்லின் முகத்தைத் துலக்கும். பல்லுக்கும் பல்லுக்கும் இடையே போகாது. ஈறுக்கு அடியிலும் போகாது. நல்ல ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இருக்கும் இடுக்கு மூன்று மில்லிமீட்டருக்குள் இருக்கும். அங்கே அழுக்கு தங்கி, கால்சியம் ஏறிக் கெட்டியாகிக் காரையாகிறது. காரை ஏறிய இடத்தில் ஈறு வீங்குகிறது, இடுக்கு நான்கு, ஐந்து, ஆறு மில்லிமீட்டராக ஆழமாகிறது. அந்தக் குழிக்குள் பாக்டீரியாக்கள் ரத்தத்தையும் சீழையும் தின்று வாழ்கின்றன. நம் வீடுகளில் பையோரியா என்று சொல்கிறோமே, அது இதுதான். துலக்கும்போது நுரையில் சிவப்பு தெரிந்தால் நோய் தொடங்கிவிட்டது என்று பொருள். வலி இருக்காது. வலி இல்லாததால் யாரும் போய்ப் பார்ப்பதில்லை. அந்தச் சிவப்பும் நாற்றமும்தான் அந்த நோய் முன்கூட்டியே அனுப்பும் சேதி. அந்தச் சேதியை வயிற்றின் விலாசத்துக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறோம்.

காரையைப் பிரஷ்ஷால் எடுக்க முடியாது, பொடியால் கரைக்க முடியாது. பல் மருத்துவர்தான் கருவி வைத்து எடுக்க வேண்டும். இங்கே இன்னொரு பொய் குறுக்கே நிற்கிறது: பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும். பல் ஆடுவது அதைப் பிடித்திருக்கும் எலும்பு ஏற்கெனவே கரைந்துவிட்டதால். இடுக்கில் முட்டுக்கொடுத்த காரையை எடுத்ததும் ஆட்டம் தெரிகிறது; ஈறின் வீக்கம் வற்றியதும் பல் நீண்டது போலத் தெரிகிறது. காரையை விட்டுவைத்திருந்தால் அந்தப் பல் ஆடாமல் இருந்திருக்காது. சத்தமில்லாமல் விழுந்திருக்கும்.

4. பூண்டும் பட்டினியும் எதிர்த்தரப்புக்குச் சாட்சி சொல்லவில்லை.

பூண்டின் வாசம் கொப்பளித்தும் போவதில்லை என்பது உண்மை. பூண்டிலிருந்து உண்டாகும் அல்லைல் மெத்தில் சல்ஃபைடு என்ற பொருள் குடலில் உறிஞ்சப்பட்டு, ரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாக மூச்சில் வெளியேறுகிறது. போகப் போக உடம்பு அதை வெளியேற்றிவிடும். வழி உணவுக்குழாய் அல்ல, ரத்தம். பட்டினியிலும் அப்படித்தான்: ஒரு பக்கம் எச்சில் வற்றுகிறது, மறுபக்கம் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன்கள் மூச்சில் வருகின்றன.

இந்த வேறுபாடு வெறும் ஏட்டு விவகாரம் இல்லை. ரத்தம் வழியாக வரும் நாற்றம் பெரிய நோய்களின் அடையாளமாக இருக்கலாம். சர்க்கரை நோயாளியின் மூச்சில் பழ வாசனை வந்து, வாந்தியும் மூச்சிரைப்பும் சேர்ந்தால் அது உயிர் போகும் அவசரம். சிறுநீரகம் செயலிழந்தவரின் மூச்சில் சிறுநீர் வாடை வரும். கல்லீரல் கெட்டவருக்குத் தனியாக, இனிப்புக் கலந்த ஒரு மக்கிய வாடை உண்டு. வயிற்றுக் கோட்பாடு இவற்றையும் கோட்டை விடுகிறது.

பிரித்தறிய எளிய வழி இருக்கிறது. வீட்டில் நம்பிக்கையான ஒருவரை அருகில் நிறுத்தி, வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மூச்சு விடுங்கள். பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு வாய் வழியாக விடுங்கள். வாய் வழியாக மட்டும் நாறினால் காரணம் பெரும்பாலும் வாய் அல்லது தொண்டை. மூக்கு வழியாக மட்டும் நாறினால் மூக்கு அல்லது சைனஸ். இரண்டு வழியிலும் ஒரே மாதிரி நாறினால் ரத்தம், நுரையீரல் பக்கம் யோசிக்க வேண்டும். மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

5. பேதி மருந்து நாற்றத்தைப் போக்கவில்லை, ஒரு நாள் ஒத்திப்போட்டது.

பேதிக்குச் சாப்பிட்ட அன்று நாம் என்ன செய்கிறோம்? கறி மீன் இல்லை, வெங்காயம் பூண்டு இல்லை, வெற்றிலை பாக்கு இல்லை. கஞ்சி, மோர், ரசம், சொம்பு சொம்பாகத் தண்ணீர். புகையிலையை விட்டு, புரதத்தைக் குறைத்து, நாளெல்லாம் வாயை நனைத்துக்கொண்டிருந்தால் யாருக்கும் வாய் நாற்றம் குறையும். அதற்குப் பேதியாக வேண்டியதில்லை. உண்மையில் பேதி செய்வது எதிர்வேலை. உடம்பிலிருந்து நீரும் உப்பும் போகின்றன, வாய் வறள்கிறது, வறண்ட வாய் நாறுகிறது. முதியவருக்கும், ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கும், சிறுநீரகம் பலவீனமானவருக்கும் இது ஆபத்தாகவும் முடியும்.

குழந்தைகள் விஷயத்தில் இதே தவறு வேறு வேஷத்தில் வருகிறது. பிள்ளைக்கு வாய் நாறினால் வயிற்றில் பூச்சி என்கிறோம். பூச்சி மாத்திரை நல்ல மாத்திரை. பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அதைக் கொடுப்பது ரத்தசோகையைக் குறைக்கத்தான். வாய் நாறும் பிள்ளையிடம் பார்க்க வேண்டியவை வேறு: சொத்தைப் பல், வீங்கிய டான்சில், வாயைத் திறந்துகொண்டு தூங்கும் பழக்கம். ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றமடிக்கும் சளி வந்தால், பிள்ளை ஏதோ ஒரு பயறையோ பாசிமணியையோ மூக்கில் திணித்துக்கொண்டு பல நாள் ஆகியிருக்கலாம். டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியக்கூடியதற்கு மாதக்கணக்கில் பூச்சி மருந்து கொடுத்துக்கொண்டிருப்போம்.

6. மணக்க வைப்பது மருந்தாகாது.

நாற்றத்துக்கு மணத்தைப் பதிலாக வைக்கிற பழக்கம் வயிற்றுக் கோட்பாட்டின் உடன்பிறப்பு. காரணம் உள்ளே எங்கோ ஆழத்தில் இருக்கிறது என்று நம்பியவர், அதுவரை வாயை மறைத்துவைக்க எதையாவது தேடுவார். ஏலக்காயும் கிராம்பும் கெடுதல் செய்யாது. சிறிது நேரம் மணக்கும், அவ்வளவுதான். வெற்றிலை பாக்கின் கதை அப்படி இல்லை. நாமக்கல் மாவட்டத்தின் பரமத்தி வேலூர் வெற்றிலைக்குப் பேர்போனது. கீழேயும் மலையிலும் வெற்றிலைச் சுருக்குப்பை இல்லாத பெரியவர்கள் குறைவு. வெற்றிலை போட்டால் வாய் மணக்கும் என்று தொடங்கி, பாக்கும் சுண்ணாம்பும் சேர்ந்து, கடைசியில் ஒரு துண்டு புகையிலை கன்னத்தில் குடியேறுகிறது. பாக்கு தனியாகவே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அறிவித்தது. புகையிலை சேர்க்காத பாக்கையே அப்படி வகைப்படுத்தினார்கள். பாக்கு மென்றுகொண்டே இருப்பவரின் கன்னத்தின் உட்புறம் நாரேறி இறுகி, வாயைத் திறக்க முடியாமல் போகும். காரம் பட்டால் எரியும். அந்த வாயில் பிறகு புற்று வரலாம்.

புகையிலை செய்யும் இன்னொரு சூது பலருக்குத் தெரியாது. நிகோட்டின் ஈறின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. ஈறு நோய் உள்ளே முற்றிக்கொண்டிருக்கும், வெளியே ரத்தம் வராது. "எனக்கு ஈறு கெட்டி, ரத்தமே வந்ததில்லை" என்று பீடி குடிப்பவர் பெருமையாகச் சொல்வார். எலும்பு அரைவாசி போயிருக்கும். குட்காவும் பான் மசாலாவும் தமிழ்நாட்டில் 2013இல் தடை செய்யப்பட்டன. சுருக்குப்பைக்குத் தடை போட முடியாது. அதை வைத்திருப்பவருக்கு உண்மையைச் சொல்லத்தான் முடியும்.

நகரத்து மறைப்பு வேலைக்குப் பெயர் மவுத்வாஷ். அவற்றில் பேர்பெற்ற லிஸ்டரின் 1879இல் அறுவைச் சிகிச்சைக்கான கிருமிநாசினியாகத்தான் பிறந்தது. 1920களில் அமெரிக்க விளம்பரங்கள் வாய் நாற்றத்துக்கு நோய்ப் பெயர் சூட்டி, கல்யாணம் ஆகாததற்கும் வேலை கிடைக்காததற்கும் அதைக் காரணமாக்கி, பாட்டிலைப் பதிலாக விற்றன. சாராயம் கலந்த மவுத்வாஷ் வாயை வறளச் செய்யும். குளோர்ஹெக்சிடின் கலந்தது ஈறு வீக்கத்துக்கு உதவும்; ஆனால் மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மேல் கொப்பளித்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும். காரையை எடுத்த பிறகு மவுத்வாஷ் துணைக்கு நிற்கலாம், காரையை எடுப்பதற்குப் பதிலாக நிற்க முடியாது.

7. "மூலிகைக்கும் மரபுக்கும் எதிராகப் பேசுகிறீர்கள்" என்பார்கள். மரபையே சாட்சிக்கு அழைக்கிறேன்.

வேப்பங்குச்சியால் பல் துலக்கிய நம் தாத்தா, துலக்கி முடித்ததும் என்ன செய்தார்? அதே குச்சியை நெட்டுக்கு இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை வில்லாக வளைத்து, நாக்கை அடிவரை வழித்தார். ஓங்கரிப்பு வந்து கண்ணில் நீர் தளும்பும்வரை வழித்தார். பிறகு குச்சியைத் தூர எறிந்துவிட்டு நாலு முறை கொப்பளித்தார். சாப்பிட்ட பிறகு கொப்பளிக்காமல் எழுந்திருக்க விடமாட்டார்கள் பழைய வீடுகளில். இந்தப் பழக்கங்கள் அனைத்தும் ஒரே இடத்தைத்தான் சுட்டுகின்றன: வாய். நாற்றம் வயிற்றில் என்று மரபு நம்பியிருந்தால் நாக்கை ஏன் வழிக்க வேண்டும்? மரபில் கெட்டியாக இருந்ததைத் தூக்கி எறிந்துவிட்டு, பொட்டலத்தில் வந்ததை மரபு என்று பிடித்துக்கொண்டிருக்கிறோம். நான் தாத்தாவின் பக்கம் நிற்கிறேன்.

மரபில் எல்லாமே சரி என்றும் சொல்லமாட்டேன். செங்கல் பொடி, சாம்பல், அடுப்புக்கரி இவை பல்லின் மேல்பூச்சைத் தேய்த்துவிடும். தேய்ந்த பல் கூசும், கூசும் பல்லைத் துலக்கத் தயங்குவோம், துலக்காத இடத்தில் அழுக்கு சேரும். வேப்பங்குச்சி கிடைத்தால் பயன்படுத்துங்கள். நுனியை நன்றாக மென்று மெத்தென்று ஆக்கிக்கொண்டு ஈறு கிழியாமல் துலக்குங்கள். மிருதுவான பிரஷ்ஷும் ஃபுளோரைடு பற்பசையும் கிடைத்தால் அது இன்னும் நல்லது.

இவ்வளவு சான்றுகள் இருந்தும் வயிற்றுக் கோட்பாடு ஏன் சாகவில்லை? அது மரியாதையான பொய் என்பதால். "உனக்கு வாய் நாறுகிறது" என்று சொன்னால் சண்டை வரும், "வயிறு சரியில்லையா?" என்று கேட்டால் அக்கறை. வயிற்றுக் கோளாறு யாருக்கும் வரும். வாய் நாறுவதோ அழுக்கானவர் என்ற பட்டம். இந்தப் பட்டமும் தவறானதுதான். ஈறு நோய்க்குச் சர்க்கரை நோய் காரணமாகலாம், கர்ப்பம் காரணமாகலாம், ரத்த அழுத்தத்துக்கோ மனச்சோர்வுக்கோ ஒவ்வாமைக்கோ சாப்பிடும் சில மாத்திரைகள் வாயை வறளவைப்பது காரணமாகலாம். வரிசை தப்பி முளைத்த பல் காரணமாகலாம். நாள் தவறாமல் துலக்குகிறவருக்கும் வரும். மரியாதைக்காகச் சொல்லும் பொய்யால் கணவன் மனைவிக்கு நடுவே பேசப்படாத விலகல் வளர்கிறது. வகுப்பில் ஒரு பிள்ளை தனியாக உட்காருகிறது. நாறாதவர்கூட நாறுகிறதோ என்று கையால் வாயை மூடிப் பேசுகிறார். நம் நாற்றம் நமக்குத் தெரியாது, மூக்கு அதற்குப் பழகிவிடுகிறது. ஆகவே சொல்ல வேண்டியவர் வீட்டில் இருப்பவர். தனியாக அழைத்து, கூச்சப்படாமல், வாயைப் பற்றி வாயால் சொல்லுங்கள்.

கொல்லிமலையில் இந்தப் பொய்யின் விலை கூடுதல். வளப்பூர் நாடு, குண்டூர் நாடு போன்ற மலைப் பகுதிகளில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து செம்மேட்டு அரசு மருத்துவமனைக்கு வருவதே அரைநாள் வேலை. அதற்கு மேல் சிகிச்சை என்றால் அத்தனை வளைவும் இறங்கி, சேந்தமங்கலம் தாண்டி நாமக்கல் போக வேண்டும். அன்றைய கூலி போய்விடும். ஈறில் ரத்தம் கசியும்போது ஒருமுறை வந்திருந்தால் முடிந்திருக்கும் வேலை, பொடி தின்று ஆண்டுகள் கடந்த பின் பல் பிடுங்கும் வேலையாகிறது. கன்னத்தில் ஆறாத புண்ணோடு வருகிறவருக்கு அதைவிடப் பெரிய பயணம் காத்திருக்கிறது. மருத்துவம் தொலைவில் இருக்கும் ஊரில்தான் நோயை முன்கூட்டியே இனம் காண வேண்டும். இனம் காண விடாமல் தடுப்பது அந்த ஒரு வாக்கியம்: வயிறு சரியில்லை.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? இரவு படுக்கப்போகும் முன் துலக்குவதை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். எச்சில் அடங்கும் நேரத்தில் வாயில் உணவு இருக்கக்கூடாது. பல்லிடுக்கைப் பல்நூலாலோ இடுக்குப் பிரஷ்ஷாலோ சுத்தம் செய்யுங்கள். ஊக்கு, தீக்குச்சி வேண்டாம். நாக்கைப் பின்னாலிருந்து முன்னோக்கி, அழுத்தாமல், நாலைந்து முறை வழியுங்கள். தண்ணீர் குடியுங்கள். பல்செட் போட்டிருப்பவர் இரவில் கழற்றிக் கழுவி நீரில் வையுங்கள். தொண்டையில் டான்சில் குழியிலிருந்து நாறும் மஞ்சள் குருணை வந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஈறில் ரத்தம் வந்தால், ஒரு பல்லாவது ஆடினால், பல் மருத்துவரிடம் போய்க் காரையை எடுத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிக்குப் பல் வைத்தியம் கூடாது என்பதும் தவறு. ஈறில் ரத்தம் வரும் கர்ப்பிணி தயங்காமல் போக வேண்டும். சர்க்கரை நோயாளி கட்டாயம் போக வேண்டும். சர்க்கரை ஈறைக் கெடுக்கிறது, கெட்ட ஈறு சர்க்கரையைக் கட்டுக்குள் வர விடுவதில்லை. வாயில் ஒரு புண் இரண்டு வாரம் ஆகியும் ஆறவில்லை என்றால், வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஒரு திட்டு தெரிந்தால், வேறெந்த மருந்தும் தின்னாமல் அன்றே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

இவ்வளவும் செய்து, பல் மருத்துவரும் வாயில் குறை இல்லை என்று சொன்ன பிறகும் நாற்றம் தொடர்ந்தால், அப்போது வயிற்றைப் பற்றி யோசிக்கலாம். வரிசையில் வயிறு கடைசி. நாம் அதை முதலில் வைத்திருக்கிறோம்.

அரசுக்கும் ஒரு கோரிக்கை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. அதன் பெண் தன்னார்வலர்கள் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீட்டுக்கே வருகிறார்கள். கொல்லிமலை போன்ற மலைப்பகுதிகளில் அவர்கள் கையில் ஒரு டார்ச் விளக்கையும் கொடுங்கள். ஈறில் ரத்தம் வருகிறதா, பல் ஆடுகிறதா, புகையிலை போடுகிறீர்களா, ஆறாத புண் உண்டா, வாய் எவ்வளவு திறக்கிறது என்ற ஐந்து கேள்விகளை அந்தப் பதிவேட்டில் சேருங்கள். பல் மருத்துவர் மலையேறி வரும் நாட்களை முன்கூட்டி அறிவித்து, குறை தெரிந்தவர்களை அந்த நாளில் வரச் சொல்லுங்கள். நாமக்கல்லில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியே திறந்தாகிவிட்டது; மாவட்டத்தில் மருத்துவம் வளர்ந்திருக்கிறது, அது மலையிலும் வளர வேண்டும்.

வாய் நாற்றம் ஒரு நோயின் அறிகுறி. அந்த நோய் பெரும்பாலும் வாயில் இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு எட்டுகிறது, குணமாகிறது. கைக்கு எட்டும் நோயை எட்டாத இடத்தில் தேடச் சொல்லும் கருத்து எவ்வளவு பழையதாக இருந்தாலும், எந்த மலையின் பெயரால் விற்கப்பட்டாலும், அதை விட்டுவிட வேண்டிய காலம் வந்துவிட்டது.